ஐந்தாம் குழு எலிகளுக்கு ஒரு பதில்

திடீரென்று சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மருந்து தேடும் தொழிலில், முதல் வேலை நன்றாக இருக்கிற சிறுநீரகத்தைக் கெடுப்பதுதான்.

அநியாயம் நடந்தது என் ஐந்தாம் குழு எலிகளுக்கு. சிறுநீரகம் கெட்ட பிறகு மருந்து கொடுக்கப்பட்ட எலிகள் அவை மட்டும்தான். மருந்து வேலை செய்யவில்லை. அந்த ஒரே காரணத்துக்காக, அப்படி எலிகள் பிறக்கவே இல்லை என்பதுபோல என் ஆய்வேட்டிலிருந்து அவற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். விஷயம் எலிகளோடு முடிந்திருந்தால் ஒருவேளை நானும் அலுத்துப்போய் விட்டிருப்பேன். பக்கத்து வீட்டுக் குமார் அண்ணன் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் இருக்கிற ஒரு ஃபார்மஸி கல்லூரியில் எம்.ஃபார்ம். படிக்கிறேன். வீடு வெள்ளானூர். நான் சோதித்த மருந்து மூக்கிரட்டைச் சாறு. எங்கள் தெருவின் காலி மனைகளில், கட்டடம் எழும்பும் வரைக்கும், தானாகப் படர்ந்து கிடக்கிற கீரை. எலி, முயல், கைடு என்று ஏதாவதொன்றை நம்பி இளமையைக் கழித்துக்கொண்டிருக்கும் சக ஆய்வாளர்களே, இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கை

வெள்ளெலிகள் எல்லாம் ஒரே முகம். எது எந்த எலி என்று தெரிவதற்காக, மஞ்சளாகப் பிடிக்கிற ஓர் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு, ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில் வைப்போம். அதுவே அவற்றுக்குப் பெயரும். தலை இன்று சரியாகச் சாப்பிடவில்லை, வால் கடித்துவிட்டது என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். கையுறை போட்டாலும் எப்படியோ விரலில் ஏறிவிடும். எந்த சோப்புக்கும் போகாது.

ஆவடி பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அக்கா என் விரல்களைத் தினமும் பார்ப்பாள். "இன்னா பாப்பா, டெய்லி நலங்கு வெச்ச ஊட்லேர்ந்து வரியா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நகர எனக்குத் தெரியாது. பேருந்து வரும்வரை எலி, அமிலம், அடையாளம் என்று பாடமே நடத்தினேன். பூவைக் கட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னாள்: "எலிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறதுக்கா பாப்பா காலேஜு கட்டி வெச்சிகீறாங்க?"

டீச்சர் கேட்டது

விலங்குகளை வைத்து ஆய்வு செய்ய ஒரு குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் விஞ்ஞானம் படிக்காத, வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவில் அது காட்டுப்பாக்கத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தமிழ் டீச்சர். பெரும்பாலும் அவர் கேட்கிற கேள்விகள் எலிக்கு வலிக்குமா, அறையில் ஃபேன் இருக்கிறதா என்கிற அளவில்தான் இருக்கும். மற்றவர்கள் புன்னகையோடு பதில் சொல்வார்கள்.

என் முறை வந்தது. நான்கு குழுக்கள் என்று திட்டத்தைச் சொன்னேன். முதல் குழுவுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவதுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஊசி மட்டும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும், வெவ்வேறு அளவில், ஒரு வாரம் மூக்கிரட்டைச் சாறு ஊட்டிவிட்டு, அப்புறம் அந்த ஊசி. டீச்சர் கையை உயர்த்தினார். "முதல்ல மருந்து, அப்புறமா வியாதியா?" என்றார். என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரான கைடு, "எல்லா இடத்திலயும் அப்படித்தான் மேடம் பண்றாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். முதலிலேயே கொடுத்தால் பெரும்பாலான மருந்துகள் எலியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடும், ஆய்வும் சுபமாக முடியும். டீச்சர் விடவில்லை. சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கைடு, "சரி மேடம், ஊசிக்குப் பிறகு மருந்து கொடுக்கிற மாதிரி இன்னொரு குழுவையும் சேர்த்துடறோம்" என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் குழு பிறந்தது இப்படித்தான். வெளியே வரும்போது டீச்சர் என் மஞ்சள் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த அஞ்சாவது எலிங்களுக்கு என்ன ஆச்சுன்னு மறக்காம எனக்குச் சொல்லணும், கண்ணு."

பத்தியம்

எலி அறையைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை அண்ணன். முத்தாபுதுப்பேட்டைக்காரர். முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி மூடியபின் இங்கே வந்தார். லேத்தைவிட எலி பரவாயில்லை, விரலைக் கடிக்கும், எடுத்துக்கொண்டு போகாது என்பார்.

ஊசி போட்ட பிறகு எலிகள் சுருண்டுவிடும். முதுகு கூன் போட்டு, முடி சிலிர்த்து, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சோதனை முடிந்ததும் எல்லா எலிகளையும் கொன்று சிறுநீரகத்தை எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஐந்தாம் குழுவை அப்படிப் பார்க்க முடியாமல் ஏழுமலை அண்ணன் வீட்டிலிருந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு வந்து கூண்டுக்குள் போட்டிருந்தார். எனக்குக் கோபம். ஒரு குழுவுக்கு மட்டும் நீர்க்காய் கொடுத்தால், குணம் தெரிந்தாலும் அது மருந்தாலா வெள்ளரிக்காயாலா என்று எப்படிச் சொல்வது? எல்லா எலிக்கும் ஒரே தீனிதான், அதுதான் நியாயம் என்று நின்ற இடத்திலேயே வாதாடினேன். கூண்டைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கோபமெல்லாம் இல்லை. அலுப்பாகத்தான் கேட்டார்: "சாவப் போறதுக்கு இன்னாத்துக்கு மேடம் பத்தியம்?"

காத்திருத்தல்

சிறுநீரகம் எந்த அளவு வேலை செய்கிறது என்று தெரிய, எலியை அடியில் புனல் வைத்த ஒரு கூண்டில் விட்டு, அது போகிற சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். சிறுநீரகம் கெட்ட எலி எளிதில் போகாது. உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் பட்டப்படிப்பின் கணிசமான பகுதி புனலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் போயிற்று. முதல் சொட்டு விழுந்தால் வருகிற சந்தோஷத்தை வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டார். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி, நான் பூசைக்கு ஏன் வரவில்லை, என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஆசையாக விசாரித்திருக்கிறார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டதை என்னிடம் சொல்லவில்லை. "எலி ஒண்ணுக்குப் போறதுக்காகக் காத்திருக்கேம்மா. காலையிலேர்ந்து இது ஒண்ணும் போகவே இல்ல" என்றேன். பிறகு அம்மாவின் குரல், மிகவும் மரியாதையாக: "அவ கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா சிஸ்டர்."

பேஷண்ட் பெயர்

எங்கள் கல்லூரியின் ரத்தப் பரிசோதனை இயந்திரம் அடிக்கடி மூச்சை நிறுத்திக்கொள்ளும். அப்போதெல்லாம் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, அம்பத்தூரில் இருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போவேன். முதலாளி எங்கள் கல்லூரியில் படித்தவர், தாராளமாகக் கொண்டு வா என்றிருந்தார். கவுன்ட்டரில் இருந்த புதுப் பெண்ணிடம், காலேஜ் சாம்பிள் வரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எலி என்று சொல்லவில்லை. முதலாளி எல்லாம் சொல்லியிருப்பார் என்று நானும் சொல்லவில்லை.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பெயர் கேட்டாள். குப்பியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்: தலை. வயது? மூன்று மாதம். ஆணா, பெண்ணா? ஆண். "செல்லப் பேரா மேடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டிக்கொண்டாள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் போன். "மேடம், தலைன்னு ஒரு பேபி சாம்பிள் குடுத்தீங்க இல்ல? கிரியாட்டினின் ரொம்ப ஹையா இருக்கு. டாக்டர் பதறிட்டாரு, உடனே அட்மிட் பண்ணச் சொல்றாரு." சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவுதான் கிரியாட்டினின். கூடியிருந்தால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று அர்த்தம். அது குழந்தை இல்லை, எலி என்றேன். நாங்களேதான் அப்படி ஆக்கினோம் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிவைத்ததைப் படிப்பவள் மாதிரி முடித்தாள்: "சரிங்க மேடம், எதுக்கும் ஒரு தடவ கிட்னி டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

தலைப்புக்கு வெளியே

முடிவுகள் வந்தன. மூன்றாம், நான்காம் குழுக்களுக்கு நல்ல பலன். முதலிலேயே சாறு குடித்த எலிகளின் சிறுநீரகங்கள் ஊசியைத் தாங்கிக்கொண்டன. ஐந்தாம் குழுவில், தலை உட்பட, எதுவும் தேறவில்லை. மருந்தே கொடுக்காத இரண்டாம் குழுவுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

என் கைடு கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்து, கீழே இருப்பவர்களுக்காகக் கவலைப்பட்டு, இரண்டுக்கும் நடுவில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொள்ளும் மனிதர். "அஞ்சாவது குழுவ எடுத்துடும்மா" என்றார். ஏன் என்றேன். தலைப்பில் 'சிறுநீரகத்தைக் காக்கும் திறன்' என்றுதான் இருக்கிறது, குணப்படுத்தும் என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை, ஐந்தாம் குழு தலைப்புக்கு வெளியே நிற்கிறது என்றார். வாதம் நன்றாகத்தான் இருந்தது, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாருமே சிறுநீரகம் கெட்ட பிறகுதானே சார் வருகிறார்கள், அவர்களும் தலைப்புக்கு வெளியேவா என்றேன். கொன்ற எலிக்குக் கணக்கில்கூட இடம் இல்லை என்றால் எதற்காகக் கொன்றோம் என்றேன். இன்னும் நிறைய என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு சொன்னார்: "வேலை செய்யலைன்னு எழுதினா அத யாரும்மா உட்கார்ந்து படிப்பாங்க?"

கேட்டில் என் படம்

இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அட்மிஷன் காலம் வந்தது. கல்லூரி கேட்டில் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். 'சிறுநீரகச் செயலிழப்புக்கு மூலிகை மருந்து: எங்கள் மாணவியின் சாதனை.' கீழே நான், வெள்ளைக் கோட்டும் மஞ்சள் விரலுமாக, ஒரு எலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது எப்போது எடுத்த படம் என்று இன்றுவரை தெரியாது. அந்த எலி எது என்பது மஞ்சள் அடையாளத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். படத்தில் அடையாளம் தெரியவில்லை.

அட்மிஷன் பிரிவுக்குப் போய் அது தப்பு, செயலிழந்த பிறகு அந்த மருந்து உதவவில்லை என்றேன். பேனர் பிரின்ட் ஆகிவிட்டது, வாட்ஸப்பிலும் போய்விட்டது என்றார்கள். பிரின்ட் ஆகிவிட்டால் தப்பு சரியாகிவிடுமா என்று கேட்டேன். அட்மிஷன் முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்று சமாதானம் சொன்னார்கள். நொந்துபோய் வெளியே வந்தால், வாசலில் செக்யூரிட்டி அண்ணன் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்: "போட்டோல சூப்பரா கீறீங்க மேடம், நம்ம மாமியாருக்கு கிட்னில கல்லு, ஒரு பாட்டில் கெடைக்குமா?"

குமார் அண்ணன்

குமார் அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலை முன்னால் நிற்கிற வேலை. கோடையில் தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாமல் நின்று, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரையாகப் போட்டுப் போட்டு, ஒரு நாள் கால் வீங்கி, வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. டயாலிசிஸ் செய்துகொண்டே இருந்தால் மெல்லத் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் மனைவி தேவி அக்கா எங்கள் வாசலில் நின்று சொல்லி அழுதாள். "உள்ள நொழையறதுக்குள்ள, ஏன் லேட்டா கூட்டினு வந்தீங்கன்றாங்க பாப்பா. லீவு குடுத்தாதான வர முடியும்? நான் இன்னா தூக்கினா வர முடியும்?"

பேனர் படம் தெரு வாட்ஸப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. மறுநாள் சாயங்காலம் தேவி அக்கா காலி மனையிலிருந்து ஒரு கூடை மூக்கிரட்டை பறித்து வைத்திருந்தாள். குமார் அண்ணன் அடுத்த டயாலிசிஸுக்குப் போகப் போவதில்லை, கஷாயம் குடிக்கப் போகிறார். நம்ம பாப்பா கண்டுபிடித்த மருந்து பக்கத்திலேயே முளைத்திருக்கும்போது ஊசி குத்திக்கொண்டு கிடப்பானேன் என்பது அவர் கட்சி. என் வாழ்நாளில் அத்தனை ஆத்திரத்தோடு நான் வாதாடியது அன்றுதான். ஐந்தாம் குழுவைப் பற்றி முழுதும் சொன்னேன். உங்கள் நிலைமையில் இருந்த எலிகளுக்கு இதே சாற்றைக் கொடுத்தோம், ஒன்றும் தேறவில்லை, ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடித்த எலிகள்தான் பிழைத்தன என்றேன். குமார் அண்ணன் வீங்கிய முகத்தோடு என்னையே பார்த்தார். "கிட்னி போவப் போவுதுன்னு ஒரு வாரம் முன்னாடியே எனக்கு யாரு பாப்பா வந்து சொல்லுவா?" என்றார். அந்தத் தடவை டயாலிசிஸுக்குப் போக ஒத்துக்கொண்டார். அதற்கடுத்த தடவையைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள் தேவி அக்கா, கொட்டவில்லை. "போஸ்டர் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. நீ சொல்றத உன் காலேஜு புக்குல போட்டு எடுத்துகினு வா, அப்புறம் இத கொட்டறேன்."

அரை பாட்டில்

காட்டுப்பாக்கம் டீச்சருக்கு போன் செய்தேன். ஐந்தாவது எலிகளுக்கு என்ன ஆச்சு என்று சொல்லச் சொன்னீர்களே, சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். குமார் அண்ணன் பெயரையும் கூடையையும் சொன்னதும், "சரி கண்ணு, வெச்சுடு" என்றார். அடுத்த குழுக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், தேநீர் வருவதற்கு முன்பே கைடைப் பார்த்துக் கேட்டார். "அந்த எலிங்களைக் கொல்லறதுக்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், அதுங்களுக்கு என்ன ஆச்சுன்னு எங்கே எழுதியிருக்கீங்க?" கைடு, "எழுதிக்கிட்டிருக்கோம் மேடம்" என்றார். எழுதுகிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் பிறகு எழுதித்தானே ஆக வேண்டும்.

ஐந்தாம் குழுவின் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு குமார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேவி அக்கா அதை வாங்கி, தலைகீழாக இல்லாமல் சரியாகப் பிடித்துக்கொண்டு, என் விரல் காட்டிய வரியை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள். காய்ந்துபோன மூக்கிரட்டையை வெளியே கொட்டினாள். அவர் டயாலிசிஸைத் தொடர்ந்தார். தினமும் எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளக்கச் சொன்னார்கள் என்று ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். காத்திருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் எனக்கும் அந்தக் கவலை தொற்றிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து நான் கல்லூரியிலிருந்து வரும்போது, தெருமுனையிலேயே, பரீட்சையில் பாஸானதைச் சொல்கிறவள் போலக் கத்தினாள்: "இன்னிக்கு அரை பாட்டில் வந்துச்சு பாப்பா!"

கடைசிப் பதில்

அந்தக் குழுக் கூட்டம் முடிந்து, மாடிப்படியில் இறங்கும்போது நடந்ததை இன்னும் சொல்லவில்லை. நாங்களே கூண்டில் அடைத்து, நாங்களே ஊசி போட்டு, எப்போது மருந்து கொடுப்பது என்று நாங்களே நாள் குறித்த அந்த எலிகளைப் பற்றி, இத்தனை மாத வாக்குவாதத்துக்குப் பிறகு என் கைடு வாயிலிருந்து வந்த பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே வைத்துவிட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன்: "சரிம்மா, சேர்த்துக்கோ, ஆனா மருந்து வேலை செய்யலைன்னு எழுதாதே, எலிங்க லேட்டா வந்துடுச்சுன்னு எழுது."